கல்வராயன் மலையும் நம் அரசியல் இறையியலும்

சமயத்திற்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவைப்பற்றி நம் இறையியல் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு திருமறைப் பகுதிகளுக்கிடையே ஊசலாடுகின்றன. ரோமர் 13 கீழ்ப்படிதலுக்கும், 1 சாமுவேல் 8 அரசனை ஐயுறுவதற்கும் சான்றாகின்றன. இரு சாராரும் ஆட்சியின் வடிவத்தையே ஆராய்கின்றனர். ஆளப்படுவோருள் எண்ணப்படாதவர் யார் என்று வினவுவதில்லை. இக்குறையைக் கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலை நமக்கு உணர்த்துகிறது.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பர்; கரிராமனை வழிபடுவர். ஊர்த்தலைமை பரம்பரையாக வந்தது. எனவே, சமயமே அங்கு மக்களாட்சியைத் தடுத்தது என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அதை ஏற்பதற்கில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அரசமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் கால் நூற்றாண்டு ஜாகீர்களை நிலைக்கவிட்டது கரிராமன் அன்று, குடியரசே.

ஜாகீர்கள் 1976 ஜூன் 25 அன்று அரசின்கீழ் வந்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஓராண்டு. தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியும் அவ்வாண்டு ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டிருந்தது. சமவெளி மக்கள் உரிமை இழந்திருந்த நாளில் மலைமக்கள் ஜாகீரினின்று விடுபட்டனர்! ரோமர் 13-ஐ மட்டும் கையிலேந்துவோர் இதனை நல்ல ஆளுகையின் நற்செயல் என்று முடித்துவிடக்கூடும். ஆயின் ஆணையால் வந்த விடுதலையோடு குரல் வரவில்லை. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 2024 ஜூனில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைமக்களின் நிலைகுறித்துத் தானாக வழக்கெடுத்தது. அவர்கள் 1996-இல்தான் வாக்களிக்கும் உரிமை பெற்றனர் என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது. ஜாகீர் ஒழிந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

சாமுவேல் நூலை விரும்புவோரும் மகிழ்வதற்கில்லை. அரசனை நீக்கியதனால் மட்டும் மக்கள் ஆளத் தொடங்கிவிடவில்லை. அவர்கள் பெயர் பட்டியலில் ஏறவேண்டியிருந்தது.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் தோன்றியது முதல் சினாடும் பேராயப் பேரவையும் தேர்தலால் அமைவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம். எனினும், சபைச் சந்தா நிலுவையுள்ளவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாத வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. பட்டியல் தயாராகும் மாதத்தில் கூலிதேடி வெளியூர் சென்றிருக்கும் குடும்பங்களின் சந்தாவே பெரும்பாலும் நிலுவையில் நிற்கிறது.