கீறலின் லட்சணம்

சுவாமிமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்தே வருகிறார்கள்: அறுபது படிகள் ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிப்பது ஒன்று, ஸ்தபதிகளின் பட்டறையில் மெழுகு உருவாகி, மெழுகு உருகி, அது இருந்த இடத்தில் உலோகம் வந்து குடிபுகும் அற்புதத்தைக் காண்பது மற்றொன்று. இரண்டையும் பலமுறை அனுபவித்தவன் என்ற உரிமையோடு, அதே மண்ணில், அதே உலோக ஞானத்தின் வேறொரு கிளையாகத் தழைத்திருந்தும் ரசிகர்களின் பார்வையில் அதிகம் படாத ஒரு கைவேலையைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தேய்ந்து ஓய்ந்துபோன ஆயில் இஞ்சினுக்கு முன்னிலும் உயர்ந்த சிலிண்டர் அமைத்து, அதை மறுபடி வயலுக்கு அனுப்பும் வேலை அது.

மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது மரபு என்றாலும், அந்தத் தேதி தவறிப்போகும் வருஷங்களில் குறுவை நாற்றங்காலின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவை வயலோரக் கொட்டகைகளில் நின்ற இந்த இஞ்சின்களே. நான் கண்டது, இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் 1930-ஐ ஒட்டி வெளிக்கொணர்ந்த மாதிரியைப் பின்பற்றி, நம் நாட்டில் ராஜ்கோட்டில் வார்க்கப்பட்ட வகை. இரு புறமும் இரண்டு பெரிய பிளைவீல்கள். நிமிஷத்துக்கு 650 சுற்று. 6 குதிரைச் சக்தி. 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 139.7 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகையில் எழும் அந்த நிதானமான தாளம், அரை மைல் தொலைவிலிருந்து கேட்டாலும் அவசரத்தை அறியாத ஒரு பெரியவரின் நடையை நினைவூட்டுவது.

அந்த இஞ்சினின் ஹெட்டைக் கழற்றியதும், அதைப் பழுதுபார்த்த மிஸ்திரி கருவி எதையும் தேடவில்லை. சுட்டுவிரலைச் சிலிண்டரின் வாயில் விட்டு, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடினார். நகம் ஒரு படியில் தட்டி நின்றது. பிஸ்டனின் மேல் ரிங் ஏறித் திரும்புகிற அந்த இடத்தில்தான் உஷ்ணமும் அழுத்தமும் உச்சம், எண்ணெய்ப் படலமோ மிக மெல்லியது. ஆகவே அங்கே தேய்மானம் மிகுந்து, கீழே போகப் போகக் குறைகிறது. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து, வட்டம் மெல்ல முட்டை வடிவம் கொள்கிறது. பிறகு அவர் போர் கேஜை இறக்கி மேலும் நடுவிலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாக அளந்து, எண்களைக் கரித்துண்டால் சுவரில் எழுதியபோது, நகம் முன்னமே சொன்ன உண்மையைத்தான் முள்ளும் சொல்லிற்று.

சாதாரணமாக இப்படித் தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் பொருத்துவார்கள். அடுத்த தடவை அரை, அதற்கடுத்து முக்கால் என்று ஒரு மில்லிமீட்டர் வரையில் அந்த உபாயம் செல்லும். இந்த இஞ்சின் அவ்வளவையும் செலவிட்டு முடித்திருந்தது. எனவே சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, அதனுள் கலப்பு வார்ப்பிரும்பில் செய்த லைனர் என்னும் உட்குழாயை அழுத்தி இறக்கத் தீர்மானமாயிற்று. 1949-இல் சென்னையில் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஸ்தாபனங்கள் வளர்ந்த பிறகு, பிஸ்டனும் ரிங்கும் லைனரும் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு எட்டும் சரக்காகிவிட்டன.

லைனர் பிறக்கும் விதம் சுவாமிமலைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். மெழுகுக் கருவைக் காவிரி வண்டலால் போர்த்தி, வறட்டி நெருப்பில் மெழுகை வெளியேற்றி, ஐம்பொன்னை வார்க்கும் ஸ்தபதி எதற்கு அஞ்சுகிறாரோ, அந்தக் காற்றுக் குமிழிக்கும் கசடுக்குமே லைனர் வார்ப்பவரும் அஞ்சுகிறார். அவர் கைக்கொள்ளும் உபாயம் வெகு அழகானது: அச்சை அதிவேகமாகச் சுழலவிட்டு அதற்குள் உருகிய இரும்பை ஊற்ற, கனத்த தூய உலோகம் வெளிப்புறம் ஒதுங்கிச் செறிகிறது, இலேசான கசடும் வாயுவும் உட்புறத்தில் தங்கி, பிற்பாடு கடையும்போது சீவப்பட்டுப் போய்விடுகின்றன. கனவார்ப்பான விக்கிரகத்துக்கு மகிமை அதன் திண்மையில். சிலிண்டருக்கோ அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தில். சுற்றியுள்ள இரும்பு முழுவதும் அந்தச் சூனியத்துக்குக் காவல்.

இறக்கிய லைனரைக் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, என் மனத்தை முற்றிலும் கவர்ந்த கட்டம் வந்தது. பளபளவென்று மின்னிய உட்சுவரில், சாணைக்கற்கள் பூட்டிய ஹோனிங் கருவியைச் சுழலவிட்டு, மிஸ்திரி அதை ஒரே சீராக மேலும் கீழும் ஏற்றி இறக்கினார். வெளியே எடுத்தபோது சுவரெங்கும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கீறல்கள், கோரைப்பாய் நெசவைப்போல. வழவழப்பை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “கண்ணாடியா இருந்தா எண்ணெ நிக்காதுங்க ஐயா” என்றார். அந்தச் சொல்லில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருந்தது. விக்கிரகத்தில் அரத்தின் சுவடு ஒன்றுகூடத் தெரியக்கூடாது. இங்கோ சுவடுதான் லட்சணம். கீறல்களில் தங்கும் எண்ணெயே பிஸ்டனைத் தாங்குகிறது, ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பழகி இணங்குவதும் அவற்றால்தான். லிஸ்டர் கம்பெனியார் உட்சுவரில் கடினமான குரோமியத்தைப் படிய வைத்தபோதுகூட, எண்ணெய்க்கென்று அதில் நுண்குழிகளை விட்டு வைத்தார்கள்.

பிறகு சோப்பும் வெந்நீரும் இட்டு, வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். துணியில் சாம்பல் நிறம் சிறிதும் ஒட்டாத நிலை வரும் வரையில் கழுவுதல் நிற்கவில்லை. பிஸ்டனின் தலையில் சிறிய ஈயக்கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை மூடிப் பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய ஈயத்தை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து, சிலிண்டரின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கூட்டினார். இருளில் எவரும் காண முடியாத இடைவெளி, உள்ளங்கையில் ஈயமாக வந்து உட்கார்ந்த அந்தக் கணத்தில், தென்னை ஓலையை மடித்து விக்கிரகத்தின் தாள அளவைக் குறிக்கும் ஸ்தபதியை நினைத்துக்கொண்டேன்.

இஞ்சின் கிளம்பியதும் அதைச் சும்மா ஓடவிடச் சம்மதிக்காமல், அன்றைக்கே மிதமான பாரத்தோடு பம்பைப் பூட்டச் சொன்னார் மிஸ்திரி. வேலையின்றி ஓடினால் கீறல்கள் மழுங்கிச் சுவர் கண்ணாடியாகிப் போகுமாம். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து நாற்றங்காலை நோக்கிச் சென்றது. எல்லோரும் அதையே பார்த்து நிற்க, அவர் மட்டும் வேறொரு துண்டு வெள்ளைத் துணியை, இஞ்சின் மூச்சு விடும் சிறு துவாரத்தில் கட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். பழைய சிலிண்டர் இருந்த நாளில் நிமிஷத்தில் கறுத்து நனைந்த இடம் அது. ஒரு நாழிகை கழித்து அவிழ்த்து எடுத்தார்: இலேசான ஈரம், அவ்வளவுதான்.