குரலும் ஓர் உரையே

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றை அடுத்துக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணால் கற்க இயலாதவர்க்கும் காது உண்டு என்னும் ஆறுதல் அந்த வைப்புமுறையிலேயே அடங்கியிருக்கிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் நூல் என்பது பெரும்பாலும் கேட்கப்பட்ட பொருளே. ஒருவர் ஏட்டை வாசிப்பார். பலர் சூழ்ந்திருந்து கேட்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களைச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிய காட்சியை டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் நமக்குக் காட்டுகிறார்.

அச்சு வந்தபின் நூல் காதை விட்டுக் கண்ணுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அது மீண்டும் காதுக்குத் திரும்பியிருக்கிறது. 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்ட எடிசன், பார்வையற்றோர்க்கு நூல்களை ஒலிக்கச் செய்வதனையும் அதன் பயன்களுள் ஒன்றாக எண்ணினார். 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோர்க்கென நூல்கள் இசைத்தட்டுகளில் பதிவாயின. இன்று கைப்பேசி வைத்திருப்போர் எவரும் பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் ஒரு பெருநூலைக் கேட்டபடியே செல்லலாம். இவ்வொலிநூல்களுள் நாவலும் சிறுகதையும் மிகுதி. எனினும் வரலாறு, வாழ்க்கை வரலாறு, அறிவியல், ஆராய்ச்சி முதலாய கட்டுரை நூல்களும் ஒலிவடிவம் பெற்று வருகின்றன. இவ்வகை நூல்கள் எவ்வாறு வாசிக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

நடிப்பா, விளக்கமா?

கதையை வாசிப்பவர் ஓரளவு நடிக்கலாம். கிழவிக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல் என மாற்றிக் காட்டினும் கேட்பவர் மகிழ்வர். கட்டுரை நூலுக்கு அது பொருந்தாது. அங்கே பேசுவது ஒரே ஒருவர். அவர் நிகழ்ச்சிகளைக் கூறுவதோடு நில்லாது, ஒரு கருத்தை நிறுவவும் முயல்கிறார். ஆதலின் கட்டுரை நூலை வாசிப்பவர் நடிகரினும் உரையாசிரியரையே மிகுதியும் ஒத்தவர் என்பது நம் துணிபு.

இதனைச் சற்றே விளக்குவோம். பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தோன்றா. ‘எரி’ என்பதா, ‘ஏரி’ என்பதா என இடம் நோக்கித் தெளிந்தே ஏடு வாசிப்பவர் வாய் திறக்க வேண்டும். அவர் பொருள் உணராமல் வாசித்தால் நூலே வேறாகிவிடும். எனவே அன்றைய வாசிப்பே முதல் உரையாக இருந்தது. இன்று அச்சில் புள்ளியும் உண்டு, நிறுத்தக்குறியும் உண்டு. ஆயினும் ஒலிநூலைக் கேட்பவர் அவற்றுள் ஒன்றையும் காண்பதில்லை. அவருக்குக் காற்புள்ளியும் மேற்கோட்குறியும் பத்திப் பிரிவும் வாசிப்பவரின் குரல் ஒன்றே. ‘மருந்து கடை’ என்றால் மருந்தைக் கடைதல். ‘மருந்துக்கடை’ என்றால் அதனை விற்குமிடம். ஓர் ஒற்றெழுத்தின் அழுத்தத்தில் பொருள் மாறுகிறது. காதுக்கு வரும் நூலில் இத்தகைய பொறுப்பு ஒவ்வொரு வரியிலும் உண்டு.

வினைமுற்றுக்குக் காத்திருத்தல்

தமிழ்க் கட்டுரை நூலை வாசிப்பதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நம் மொழியில் வாக்கியத்தின் முடிபு இறுதியில் நிற்கிறது. ‘இக்காப்பியம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது என்று கருதுவதற்குப் போதிய சான்று இல்லை’ என்று ஓர் ஆராய்ச்சியாளர் எழுதுவதாகக் கொள்வோம். கண்ணால் படிப்பவர் ஒரே பார்வையில் வரியின் இறுதியையும் கண்டுகொள்கிறார். காதால் கேட்பவரோ ‘இல்லை’ என்னும் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாசிப்பவர் முற்பகுதியை முடிந்த உண்மைபோல் உறுதியாக ஒலித்துவிட்டால், கேட்பவர் அதனை ஏற்றுக்கொண்டபின் ‘இல்லை’ வந்து சேர்கிறது. அது அவர் நெஞ்சில் ஏறாமலே அடுத்த வாக்கியம் தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் மறுக்க எடுத்துக்கொண்ட கொள்கை, அவர் கொள்கையாகவே கேட்பவர் மனத்தில் தங்கிவிடும்.

‘என்பாரும் உளர், அது பொருந்தாது’ என்று முடியும் வாக்கியங்களும் இத்தகையனவே. நல்ல வாசிப்பாளர் பிறர் கூற்றைத் தொடங்கும்போதே குரலைச் சிறிது தளர்த்தி, ‘இது ஆசிரியர் கூற்றன்று, பொறுத்திருங்கள்’ என்று உணர்த்திவிடுவார். இதற்கு நடிப்புத் திறன் வேண்டா. அடுத்த வரியை முன்னரே படித்து அறிந்திருத்தலே போதும். நூல் முழுவதையும் ஒருமுறை தமக்குள் படித்து முடிக்காத ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்வது முறையன்று.

பெயரும் எண்ணும்

தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப என்பவற்றின் வல்லொலியும் மெல்லிய ஒலியும் ஒரே வடிவம் உடையன. தமிழ்ச் சொற்களில் இடம் நோக்கி ஒலி தானே அமைந்துவிடும். கட்டுரை நூல்களிலோ பிறமொழிப் பெயர்கள் நிரம்பியிருக்கும். ‘கோகலே’ என்னும் பெயரின் முதலெழுத்தைக் ‘கோயில்’ என்பதன் முதலெழுத்தைப்போல் ஒலித்தால், பூனாவில் வளரும் நம் வீட்டுச் சிறுவன் நகைப்பான். நகைத்ததோடு அமையாமல், இந்நூல் தனக்குரியதன்று என்றும் எண்ணிவிடுவான். ஒரு பெயரைப் பிழைபட ஒலித்தல் சிறு குற்றமாகத் தோன்றலாம். ஆனால் மெய்ச்செய்தியையே நம்பி நிற்கும் நூலில் கேட்பவரின் நம்பிக்கை அத்தகைய இடத்தில்தான் முதலில் உடைகிறது.

எண்களும் அவ்வாறே. 1857 என்று அச்சிட்டிருப்பதை ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு’ என்று நிறுத்திச் சொல்லும் வாசிப்பாளரும் உளர். ஆங்கிலத்தில் சொல்லி விரைபவரும் உளர். தமிழ் எண்களைக் கேட்டுப் பழகாத இளையோர்க்கு முன்னதே பயிற்சியாகும் என்பதால் நாம் அதனையே விரும்புகிறோம்.

ஆசிரியர் தாமே வாசித்தல்

நூலாசிரியரே வாசிப்பது சிறந்ததா, பயின்ற குரலா என்னும் வினா அடிக்கடி எழுகிறது. 1931-இல் இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளின் குரலைக் கொலம்பியா நிறுவனத்தார் இசைத்தட்டில் பதிந்தனர். கடவுளைப் பற்றி 1928-இல் ‘யங் இந்தியா’வில் தாம் எழுதியதனை அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். அக்குரலில் ஏற்ற இறக்கம் மிகுதியாக இல்லை, அணியொன்றும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் எண்ணி எடுத்து வைக்கப்பட்டதாக ஒலிக்கிறது. கட்டுரை வாசிப்புக்கு அப்பதிவு இன்றும் ஒரு பாடம்.

அண்மைக் காலத்தில் பராக் ஒபாமா தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே வாசித்து 2006-இல் கிராமி விருது பெற்றார். தென்னாப்பிரிக்கரான டிரெவர் நோவா தம் இளமை வரலாற்றைத் தாமே வாசிக்க, அது 2016-இல் வெளிவந்தது. பல மொழிகளுக்கிடையே வளர்ந்த அவர், அந்நாட்டு மொழிச் சொற்களை அவற்றின் இயல்பான ஒலியோடு உரைக்கும்போது, அச்சு நூல் தரவியலாத ஒன்று நமக்குக் கிட்டுகிறது. தன்வரலாற்றுக்கு ஆசிரியரின் குரலே பொருத்தம் எனலாம். ஆனால் யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ போன்ற பொதுநூலுக்கு அவ்விதி வேண்டுவதில்லை. அதன் ஆங்கில ஒலிநூலை டெரெக் பெர்க்கின்ஸ் என்னும் பயின்ற வாசிப்பாளர் தெளிவுற வாசித்திருக்கிறார். நன்கு எழுதுபவர் அனைவரும் நன்கு வாசிப்பவர் அல்லர்.

தமிழில் இத்தகைய குரலுக்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. தில்லி வானொலியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 2022-இல் மறைந்த அவர் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த ஒருவர் தமிழுக்கே உச்சரிப்பு முன்மாதிரியாக விளங்கினார் என்பதை நம் இல்லங்கள் மறத்தல் ஆகாது.

விலக்கத் தக்கவை

பின்னணி இசை கட்டுரை நூலுக்குப் பகை. ஒரு வாதத்தைத் தொடரும் செவிக்கு வீணையும் இடையூறே. அடுத்தது விரைவு. கேட்பவர் வேண்டின் தம் கருவியில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். வாசிப்பவரே விரைந்தால் அவருக்குப் புகலிடம் இல்லை. மூன்றாவது, சொல்லாமல் சுருக்குவது. சுருக்கப் பதிப்பெனில் அதனை முதலிலேயே அறிவித்தல் நேர்மை. நான்காவது, இயந்திரக் குரல். அது இன்று பிசிறின்றி ஒலிக்கிறது; களைப்பதும் இல்லை. ஆயினும் பிறர் கூற்றை நம்பாமல் எடுத்துரைக்கும் அந்தக் குரல் தளர்ச்சி அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஒலிநூலால் இயலாதனவும் உள. அட்டவணை, நிலப்படம், அடிக்குறிப்பு, பொருளகராதி இவை செவிக்கு எட்டா. அவற்றையே உயிராகக் கொண்ட நூல்களை அச்சிலேயே விட்டுவிடுதல் நலம்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனி நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், தமிழ் கேட்டால் விளங்கிக்கொள்வர். படிக்க மட்டும் அறியார். அவர்களுக்குத் தமிழில் சிந்தித்தோரின் உலகம் பூட்டிய வீடாகவே இருக்கிறது. திரைப்பாடல் தமிழ் அவர்களை எட்டுகிறது. ‘என் சரித்திரம்’ எட்டுவதில்லை. ஒலிநூல் அவ்வீட்டின் வாயிலைத் திறக்கக்கூடும். பார்வைக் குறையுடையோர் நிலையும் இதுவே. அவர்கள் நூல்களை அணுகுவதற்கென 2013-இல் மராகேஷில் உருவான உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாவே.

‘வீட்டில் பேசும் தமிழ் வேறு, நூல் தமிழ் வேறு, ஆகவே பேச்சுத் தமிழில் மாற்றி வாசித்தால் என்ன?’ என்று வினவுவோர் உளர். அவர்தம் நோக்கம் நல்லதே. ஆயினும் நாம் உடன்படுவதற்கில்லை. மாற்றி வாசித்தால் பிள்ளைக்குச் செய்தி கிடைக்கும்; அச்செய்தியை ஆளும் மொழி கிடைக்காது. எழுதியவாறே வாசித்து, சொற்களுக்கிடையே மூச்சுவிட இடம் தந்து, நீண்ட வாக்கியங்களை அவற்றின் மூட்டுகளில் நிறுத்தினால், பழகாத செந்தமிழும் சில நாழிகையில் செவிக்குப் பழகிவிடும். கடினம் என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் மொழியின் கடினமன்று, வாசிப்பின் அவசரமே.

தமிழ்ச் சங்கங்கள் இப்பணியில் இறங்கலாம். பதிப்புரிமைக் காலம் கடந்த வாழ்க்கை வரலாறும் பயணநூலும் பல உள. வாசிக்கத் தக்க முதியோர் ஒவ்வொரு நகரிலும் இருக்கின்றனர். அன்றியும், நமக்கு ஒரு தனித் தகுதி உண்டு. வங்கப் பெயரைக் கல்கத்தாத் தமிழரும், மராட்டியப் பெயரை மும்பைத் தமிழரும், கன்னடப் பெயரைப் பெங்களூர்த் தமிழரும் பிழையின்றி ஒலிக்க வல்லவர். பல மொழிகளுக்கிடையே வாழும் வாழ்வு நம் தமிழைக் குறைத்துவிட்டது என்று வருந்துவோர்க்கு நாம் கூறுவது இதுவே: அயல்மொழிப் பெயரையும் செந்தமிழையும் ஒருங்கே பிழையற ஒலிக்கும் நாவு, அவ்வாழ்வு நமக்குத் தந்த செல்வம். அதனைப் பயன்படுத்தி ஆண்டுக்கு ஒரு நூலையேனும் ஒவ்வொரு சங்கமும் ஒலிவடிவில் தந்தால், படிக்க அறியாத நம் பிள்ளைகள் கேட்டேனும் அறிவர்.