கணினி வேந்தரும் இடனறிதலும்

பகைமேற் செல்லும் வேந்தனுக்கு வேண்டுவனவற்றைக் கூறும் வள்ளுவர், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலி வேறு, இடம் வேறு என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். வலியை மட்டும் எண்ணிப் பார்த்து இடத்தை அறியாத வேந்தன் களத்தில் என்ன ஆவான் என்பதைக் காட்டும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபிராக்சிஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'சிவிலிசேஷன்' ஐந்தாம் பகுதியே அது.

சிட் மையர் 1991இல் தொடங்கி வைத்த வரிசை இது. ஆடுபவர் கி.மு. 4000இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு புறப்பட்டு, நகர் அமைத்து, கலை பயின்று, படை திரட்டி நாடாள்வர். ஒருவர் ஆடி முடித்த பின்னரே அடுத்தவர் முறை வரும். எதிரே அமர மனிதர் இல்லாதபோது ஏனைய நாட்டுத் தலைவராகக் கணினியே அமரும். தனியே ஆடுபவருக்கு ஆட்டத்தின் சுவை பெரிதும் அவ்வெதிரியின் தரத்தைப் பொறுத்ததே.

2005இல் வந்த நான்காம் பகுதியில் எத்தனைப் படைப்பிரிவுகளையும் ஒரே கட்டத்தில் அடுக்கி வைக்கலாம். கணினிக்கு அதனால் வேலை எளிதாயிற்று. படையைக் கூட்டு, பகைவனின் படையோடு ஒப்பிடு, மிகுந்தால் செல், அவ்வளவே. ஐந்தாம் பகுதியின் தலைமை வடிவமைப்பாளரான ஜான் ஷாஃபர் சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்பிரிவே நிற்கலாம் என விதித்தார். 1994இல் வந்த 'பான்சர் ஜெனரல்' என்னும் போர் விளையாட்டு அவருக்கு வழிகாட்டி. விதி அழகிய விதிதான். வாட்படை முன்னின்று தாங்க, விற்படை பின்னின்று எய்யும். ஆற்றைக் கடந்து தாக்குபவன் வலி குன்றுவான். குன்றின்மேல் நிற்பவனுக்குக் காவல் மிகும். ஒவ்வோர் அடியும் எண்ணி வைக்கத்தக்கதாயிற்று.

ஆனால் எண்ணுபவன் மனிதன் மட்டுமே. கணினி வேந்தன் பெரும்படை திரட்டி ஒரு நகரை முற்றுகையிட வருகிறான் என்று கொள்வோம். மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் படை நெருக்குண்கிறது. முன் நிற்க வேண்டிய வாட்படை பின்னே சிக்க, காக்கப்பட வேண்டிய கவண்பொறி முன்னே வந்து நிற்கிறது. அடிபட்ட பிரிவு பின்வாங்க இடமின்றி அங்கேயே மடிகிறது. கடல் கடக்கும்போதோ, துணைக்கலம் இன்றி மரக்கலம் ஏறிய காலாட்படை ஒற்றைப் போர்க்கப்பலுக்கு இரையாகிறது. நகர மதிலும் நான்கைந்து விற்படைகளும் உடையவர் இரு மடங்கு படையைத் தடுத்துவிடுவர். இஃது எதிரியை வென்ற வெற்றி ஆகுமா? வழி தவறி வந்தவனை மடக்கிய செயலுக்கு நிகரானது எனலாம்.

இக்குறையை மறைக்கும் வழிதான் ஆட்டத்தின் கடினப்படிகள். படிகள் எட்டு. மேலே ஏற ஏற எதிரியின் அறிவு கூடும் என்றே புதிதாக ஆடுபவர் கருதுவர். கூடுவது பெரும்பாலும் செல்வமே. உச்சியிலுள்ள 'டெய்ட்டி' என்னும் படியில் மனிதர் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்க, கணினி வேந்தர் இரண்டோடு தொடங்குவர். மட்பாண்டம், கால்நடை வளர்ப்பு, சுரங்கம், சக்கரம் ஆகிய நான்கு கலைகளையும் கல்லாமலே பெற்றிருப்பர். மந்த மாணவனுக்கு முன்கூட்டியே மதிப்பெண் இட்டுத் தேர்வு மண்டபத்தில் அமர்த்துவது போன்றது இது. ஊக்கச் சலுகை தருவதே பிழை என்பதில்லை. முந்தைய பகுதிகளிலும் அது உண்டு. அங்கே சலுகையால் பெருகிய படையை நடத்தவாவது கணினி அறிந்திருந்தது. இங்கே படை பெருகப் பெருக நெரிசலே பெருகுகிறது.

கணினியால் இவ்வளவே இயலும் என்று சிலர் வாதிப்பர். 1997இல் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்ற 'டீப் புளூ'வைக் காட்டினால், சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயே நகரும், இங்கே பல பிரிவுகள் நகரும் என்பர். வேறுபாடு உண்மையே. எனினும் நிறுவனம் ஆட்ட விதிகளின் மூல நிரலைப் பின்னர் வெளியிட்டபோது, ஊதியம் பெறாத ஆர்வலர்கள் அதைத் திருத்தி 'வாக்ஸ் பாப்புலி' என்னும் வடிவத்தை ஆக்கினர். அதில் கணினிப் படை அணி வகுக்கிறது. அடிபட்ட பிரிவை மீட்கிறது. ஆகவே இயலாமை பொறியினது அன்று. களத்தின் விதி மாறியபோது வேந்தனுக்கு அப்புதுக் களத்தைக் கற்பிக்காமல் அனுப்பியதே குறை. 2013இல் ஷாஃபரும் தம் வடிவமைப்பைத் திரும்ப ஆராய்ந்து, ஒரு கட்டத்திற்கு ஒரு பிரிவு என்ற விதி கணினிக்குச் சுமையானதை ஒப்புக்கொண்டார். இத்துறையில் இத்தகைய நேர்மை அரிது.

2016இல் வந்த ஆறாம் பகுதி அவ்விதியைச் சிறிதே தளர்த்தியது. உச்சப் படியில் கணினி வேந்தர் பெறும் குடியேற்றக் கூட்டங்களோ மூன்றாயின. 2025இல் வெளிவந்த ஏழாம் பகுதியில்தான் தளபதி ஒருவரின்கீழ்ப் பல பிரிவுகளை ஒரே கட்டத்தில் சேர்த்து நடத்திச் சென்று, களத்தை அடைந்தபின் பிரித்து நிறுத்தும் வழி திறக்கப்பட்டது.