ஏழாம் அடிக்குறிப்பும் பள்ளிக் காவலரும்

தமிழ் பயின்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. மூலத்தை ஒரு முறை படித்தால் உரையை மும்முறை படிப்பர். ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் கூற, சேனாவரையர் அதனை மறுத்து வேறொன்றை நிறுவுவார். நாம் இரண்டையும் எதிரெதிரே வைத்து எடைபோடுவோம். ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் அதற்கெழுந்த இரண்டு உரைகளும் அத்தகைய ஆய்வுக்கு உரியனவாகவே உள்ளன. பள்ளிக்கூடத்தில் அமர்த்தப்பட்ட போலீஸ்காரர் மாணவன் பையைத் திறக்கலாமா, எப்போது திறக்கலாம் என்பதே வழக்கின் பொருள். ஆசிரியர்கள் இதனை அயல்நாட்டுச் செய்தியென்று தள்ளிவிட முடியாது. ஆசிரியரின் கை எங்கே முடிகிறது, அரசின் கை எங்கே தொடங்குகிறது என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

மூலத்தை முதலில் காண்போம். 1980ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கழிவறையில் இரு மாணவியர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியை கண்டார். அவர்களுள் ஒருத்தி பதினான்கு வயதினள்; நீதிமன்ற ஏடுகளில் டி.எல்.ஓ. என்னும் முதலெழுத்துகளாலேயே அவள் அறியப்படுகிறாள். தான் புகைப்பதே இல்லையென்று அவள் சாதிக்கவே, துணைத் தலைமையாசிரியர் அவளது கைப்பையைத் திறந்தார். சிகரெட் இருந்தது, அதனருகே சுருட்டுத் தாளும் இருந்தது. தாளைக் கண்டதும் ஐயம் வளர்ந்தது. பை முழுவதையும் துழாவினார். சிறிது கஞ்சாவும், ஒரு டாலர் நோட்டுகள் பலவும், தனக்குப் பணம் தரவேண்டிய மாணவர் பெயர்ப் பட்டியலும் வெளிவந்தன. செய்தி போலீசுக்குப் போயிற்று. சிறார் நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது.

1985ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையினருக்காக எழுதியவர் நீதியரசர் வொயிட். ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்பவர், ஆகவே அரசியற் சட்டத்தின் நான்காம் திருத்தம் அவரைக் கட்டாது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் அரசின் பணியாளரே, தகாத சோதனைக்கு எதிரான காப்பு மாணவர்க்கும் உண்டு என்றார். இது முதற்படி. இரண்டாம் படியில் அக்காப்பின் கனத்தைக் குறைத்தார். போலீசார் சோதனையிடக் குற்றம் நிகழ்ந்ததென்று நம்புதற்குரிய வலுவான காரணம் வேண்டும். பெரும்பாலும் நீதிபதியின் ஆணையும் வேண்டும். ஆசிரியர்க்கோ இவ்விரண்டும் வேண்டா, நியாயமான ஐயம் இருந்தாற் போதும். சோதனை தொடக்கத்திலேயே தக்க காரணம் உடையதாயும், அக்காரணத்தின் அளவைக் கடவாததாயும் இருத்தல் வேண்டும் என்றார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பாதியைத் திரும்பப் பெற்றது போன்ற தீர்ப்பு இது. நீதியரசர் பிரென்னன் அவ்வாறே கண்டு மாறுபட்டு எழுதினார்.

குறைத்ததற்குச் சொன்ன காரணத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாடம் நடத்துவோர் சட்டத்தின் நுண்வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பள்ளியின் ஒழுங்கு உடனுக்குடன் காக்கப்படவேண்டும். இவையே காரணங்கள். பின்னர் ஏழாம் அடிக்குறிப்பில், பள்ளியினர் தாமாகச் செய்த சோதனையைப் பற்றியே பேசினோம், போலீசாரோடு சேர்ந்தோ அவர் ஏவலாலோ செய்த சோதனையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அடக்கமான குறிப்புத்தான். ஆயினும் பள்ளிதோறும் காவலர் பெருகிய பிற்காலத்து வழக்குகள் இந்தச் சிறு வாயிலில் வந்துதான் முட்டிக்கொண்டன.

முதல் உரை இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் எழுதியது. ஜோலியட் நகரத்துப் போலீஸ் அதிகாரி ஒருவர் பள்ளியொன்றில் முழுநேரம் அமர்த்தப்பட்டிருந்தார். ஆசிரியர்கள் ஐயுற்ற ஒரு மாணவனை அவர் சோதித்தார், ஒன்றும் அகப்படவில்லை. சற்றுப் பொறுத்து அம்மாணவனும் இன்னொருவனும் பேசிச் சிரித்து நிற்பதைக் கண்டார். தம்மை ஏமாற்றிவிட்டார்களோ என்ற எண்ணம் அவருக்கு. இரண்டாமவன் கையிலிருந்த டார்ச் விளக்கை வாங்கித் திருகிப் பார்த்தார். உள்ளே கொக்கேயின் இருந்தது. பதினைந்து வயதுச் சிறுவன், பெரியவர்க்குரிய நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றான். சோதனை செல்லும் என்றது நீதிமன்றம். வெளியிலிருந்து வரும் போலீசார்க்கு வலுவான காரணம் வேண்டும், பள்ளியிலேயே பணிபுரியும் காவலர்க்கு ஆசிரியர்க்குரிய நியாயமான ஐயமே போதும் என்பது அதன் வகைப்பாடு.

இரண்டாம் உரை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் எழுதியது. பெல்வியூ நகரத்துப் பள்ளியொன்றில் காவல்புரிந்த நகரப் போலீஸ் அதிகாரி, கழிவறையில் ஒரு மாணவன் கஞ்சாவுடன் நிற்பதைக் கண்டு கைது செய்து விலங்கிட்டார். அதன்பின் பூட்டியிருந்த அவன் முதுகுப்பையைத் திறந்து ஒரு காற்றுத்துப்பாக்கியை எடுத்தார். இம்மன்றமோ, அவர் சீருடை அணிந்த போலீஸ்காரர், மாணவரைப் பள்ளி முறையில் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஆகவே ஆசிரியர்க்களித்த சலுகை அவரைச் சாராது, நீதிபதியின் ஆணை பெற்றே பையைத் திறந்திருக்க வேண்டும் என்று தீர்த்தது.

இலினாய் உரை இடத்தை நோக்கியது. வாஷிங்டன் உரை ஆளை நோக்கியது. மூலத்தின் கருத்தோடு பொருந்துவது பின்னதே என்பது என் துணிபு. மூலம் சலுகை தந்தது பள்ளிக் கட்டடத்துக்கு அன்று. சட்டம் பயிலாத ஆசிரியர்க்கு. போலீஸ் அதிகாரி அந்த நுண்வேறுபாட்டைப் பயின்று அதற்கென்றே ஊதியம் பெறுபவர். பயிலாதவர்க்குக் கொடுத்த விலக்கைப் பயின்றவர் கையில் கொடுப்பதற்கு இலினாய் மன்றம் காட்டும் ஏது போதவில்லை. டார்ச் விளக்கைத் திருகியவர் சிறுவனைப் பள்ளியிலிருந்து சில நாள் விலக்கிவைக்கும் எண்ணத்தோடு திருகவில்லை என்பதையும் கருதுக.

இனி, வாஷிங்டன் உரையும் குறையற்றதன்று. காவலர் தாம் திறவாமல் தலைமையாசிரியரைப் பார்த்து ஒரு சொல் சொன்னால் என்செய்வது? பை திறக்கும், சான்று கிடைக்கும், திறந்த கை ஆசிரியர் கை. ஏழாம் அடிக்குறிப்பு ஐயுற்றதும் இதனையே. வட கரோலினாவில் 2005இல் நிகழ்ந்த ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதின்மூன்று வயது மாணவனைச் சீருடைக் காவலர் வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று, கதவடைத்த அறையில் அமர்த்தினார். வீடுபுகுந்து திருடிய வழக்கைப் பற்றி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விசாரணை நடந்தது. பேசாதிருக்கும் உரிமை அவனுக்கு உண்டென்று எவரும் முதலில் கூறவில்லை. காப்பாளரான பாட்டிக்கும் சொல்லியனுப்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடு என்று அவனை ஊக்கியவர் யார்? உடனிருந்த துணைத் தலைமையாசிரியர்! 2011இல் உச்ச நீதிமன்றம், அவன் காவலில் இருந்தானா என்பதை முடிவுகட்ட வயதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் கூறிற்று. நீதியரசர் சோட்டோமயோர் எழுதிய அத்தீர்ப்பில், பள்ளிக்கு வருவதே கட்டாயம், கீழ்ப்படியாமையே குற்றம் என்னும் நிலையிலுள்ள மாணவனையும், தொண்டுசெய்ய வந்த பெற்றோரையும் ஒப்பிடும் பகுதி படித்துச் சுவைக்கத்தக்கது.

அதிகார எல்லையைப் பற்றி ஒரு சொல். டெக்சஸ் மாநிலத்தில் பள்ளி மாவட்டங்கள் தமக்கென்றே போலீஸ் படை அமைக்கலாம். அதன் எல்லையை மாவட்டக் குழுவே வகுக்கும். அது மாவட்டம் முழுவதும் பரவலாம். எல்லை விரிந்ததால் மட்டும் பொறுப்பு தெளிந்துவிடாது. 2022 மே 24ஆம் நாள் யுவால்டி நகரத்துத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எழுத்து வடிவத் திட்டப்படி தலைமை தாங்க வேண்டியவர் பள்ளி மாவட்டப் போலீஸ் தலைவர். அவரோ தம்மைத் தலைமை அதிகாரியாகக் கருதவில்லை என்றார். பல படைகளையும் சேர்ந்த 376 அதிகாரிகள் கூடியிருந்தும், கொலைஞனை வீழ்த்த எழுபது நிமிடங்களுக்கு மேல் சென்றது.

அதே டெக்சஸ் 2019இல் இன்னொரு விதியையும் இயற்றியிருந்தது: அன்றாட மாணவர் ஒழுங்கு நடவடிக்கையையும் பள்ளி அலுவல்களையும் காவலர்க்குப் பணியாக ஒப்படைக்கலாகாது என்பது அவ்விதி. இதனை இலினாய் உரையின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒழுங்கு நடத்தும் வேலை காவலர்க்கு இல்லையென்று சட்டமே பிரித்துவிட்டபின், ஒழுங்கு நடத்துவோர்க்காக வகுத்த சலுகையை அவர் எந்த உரிமையால் கேட்பார்? இலினாய் வகைப்பாட்டைப் பின்பற்றிய மன்றங்கள் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.