வாசகர் வட்டமும் நூல் தெரிவும்

வாசகர் வட்டத்துக்கு நூல் தெரியுங்கால், வரலாற்று நூலை அறிவென்றும் நாவலைப் பொழுதுபோக்கென்றும் பிரித்தல் யாழ்ப்பாணத்தில் ஊறிய வழக்கம். ஒரு திங்கள் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யையும் மறு திங்கள் ‘பஞ்சம’ரையும் கற்கும் வட்டத்தார்க்கு அப்பிரிவு நில்லாது.

மயில்வாகனப் புலவரின் வைபவமாலை, ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்கிணங்க எழுந்தது. மன்னரும் கோயிலும் படையெடுப்பும் அதன் பெரும்பொருள். அதிற் கதையும் மெய்ந்நிகழ்ச்சியும் பின்னிக் கிடத்தலைச் சுவாமி ஞானப்பிரகாசர் தம் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்தில் (1928) ஆராய்ந்தார். வரலாறென மதிக்கப்பட்ட நூலிலேயே புனைவு குறைவன்று!

கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலே. எனினும், தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் தடுக்கப்பட்டோர் வாழ்வு அதன்கண் பேசுகின்றது. 1968 இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கண்ட தலைமுறையினர் அதனை வெறுங் கற்பனையென ஒதுக்கியிருத்தல் அரிது. வைபவமாலையில் இம்மக்கள் தம் வாயாற் பேசும் இடமில்லை. நாவல் குறையற்றதென்பதன்று, மாந்தர் சிலர் மனிதராய்ப் பேசாது கொள்கையாய்ப் பேசுவர். அக்குறையையும் வட்டத்தார் தயங்காது எடுத்துரைத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆகலின், படி கிடைப்பதரிதென்று ஈழத்துப் பழைய நூல்களைத் தெரிவினின்று நீக்குதல் தகாது. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ (1914) ஒரு படியே அகப்படினும், ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்கலாம். புராணபடனம் கேட்டுப் பழகிய ஊருக்கு இது புதிதன்று.