சூறைவிட்ட பழமும் உரிமத்தின் அதிகாரமும்

சேவுகம்பட்டி அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். வேண்டிக்கிட்டவன் கூடையிலிருந்து வீசுகிறான். வீசினபிறகு பழம் அவனுடையதில்லை. கட்டற்ற உரிமம் இந்தச் சூறைக்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறது: எடுத்தவனும் மறுபடி வீசணும். அந்த நிபந்தனையை இடையில் மாற்ற யாருக்கு உரிமை?

2009 ஜூனில் விக்கிப்பீடியா தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் அடக்கம். அதுவரை இருந்த க்னூ ஆவண உரிமம் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்டது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சடித்துக் கொடுத்தாலும் உரிம வாசகம் முழுவதையும் சேர்த்தாகணும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அந்தத் தொல்லையில்லை. எழுதியவர்களைச் சுட்டி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும். மாற்றம் நல்லதுதான். மறுக்கவில்லை.

ஆனால் எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது, 17,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள், முக்கால்வாசிப் பேர் ஆதரவு. சட்டப்படி மாற்றத்தைச் சாத்தியமாக்கியது அந்த ஓட்டல்ல. 'அல்லது பிந்தைய பதிப்பு' என்று முன்பே இருந்த மூணு வார்த்தை. 2008 நவம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1.3ஆம் பதிப்பை வெளியிட்டு, விக்கிகள் வெளியேற ஒரு கதவு வைத்தது. 2005இல் எழுதியவன் 2008இன் வாசகத்துக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தான்.

ஆசிரியனின் மரணம் பற்றி பார்த் சொன்னதை நாம் கொண்டாடினோம். பிரதி வாசகனுக்கு வந்துவிட்டதாக நம்பினோம். இங்கே ஆசிரியன் ஆயிரம் பேராகக் கலைந்தபோது அவனது அதிகாரம் வாசகனிடம் வரவில்லை. உரிமத்தை எழுதும் நிறுவனத்திடம் போனது. லினக்ஸ் கருநிரல் இதை ஏற்கவில்லை. ஜிபிஎல் இரண்டாம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. இன்று அதன் உரிமத்தை மாற்றணும்னா பங்களித்த ஆயிரக்கணக்கானோரின் சம்மதம் வேணும். பாதுகாப்புதான், ஆனால் உரிமத்தில் குறையிருந்தாலும் திருத்த வழியில்லை.

அதிகாரம் எதிர்த்திசையிலும் நகரும். தாராளமான பிஎஸ்டி உரிமம் யாரையும் மூடிய பதிப்பு வெளியிட அனுமதிக்கிறது. 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளத்தை நடத்தும் நிறுவனம் அதைக் கைவிட்டுக் கட்டுப்பாடான உரிமங்களுக்குத் தாவியது. சில நாட்களிலேயே பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு வால்கீ என்று வேறொரு திட்டம் கிளம்பியது. 2025 மேயில் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. இனி வீசுவதை நிறுத்தலாம். வீசின பழத்தைக் கூடைக்குத் திருப்ப முடியாது.

நம் விமர்சனம் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. பொதுவில் எழுதப்படும் பிரதிகளில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பைத் தொடங்கணும்.