கவிழ்த்துப் பார்க்க வேண்டிய காலணி

மலைப்பாதை ஓட்டத்துக்கான காலணிச் சந்தை இரண்டு மோஸ்தர்களைக் கண்டது. 2009-இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் ‘பார்ன் டு ரன்’ நூல் வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்ந்து வெளிவந்ததும் அமெரிக்காவில் மெல்லிய அடிப்பாகத்துக்குக் கிராக்கி ஏறியது. அதே ஆண்டு பிரான்சில் தொடங்கிய ஹோகா நிறுவனம், கோமாளிச் செருப்பு என்று கேலி செய்யும் அளவுக்குத் தடித்த நுரையோடு வந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை கொண்ட மெல்லிய ‘கால்விரல்’ காலணிக்கு ஆதாரமில்லாத உடல்நலப் பலன்களைச் சொன்னதாக எழுந்த வழக்கில், 2014-இல் வைப்ரம் நிறுவனம் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அதற்குள் மெல்லிய அலையும் வடிந்துவிட்டது. இன்று கடை அலமாரிகளில் தடித்த காலணிகளின் ராஜ்ஜியம்.

விற்பனையே தரத்துக்குச் சான்று என்பார்கள். நீண்ட இறக்கங்களில் பாதத்துக்கு வரும் அதிர்வை நுரை தணிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மோஸ்தரிலும் வழுக்காமல் காத்தவை அடியிலுள்ள ரப்பர் பற்கள். (விளம்பரங்களில் அவற்றுக்கு என்னவோ கடைசி வரிதான்.) சேற்றுக்குப் பற்கள் ஆழமாகவும் விலகியும் இருக்கவேண்டும், நெருங்கினால் மண் அடைத்துக்கொள்ளும். பாறையிலோ அதே விலகல் தொடுபரப்பைக் குறைத்து வழுக்கவைக்கும். ஈரப்பாறையைப் பற்றும் மென்ரப்பர் சீக்கிரம் தேயும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கணக்கில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரிகிறது. வாங்கப் போகிறவர்கள் முதலில் காலணியைக் கவிழ்த்துப் பாருங்கள். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.